எக்ஸ்ரேயை எப்படி அளந்தார்கள்? கதிர்ப் பாதுகாப்பின் பால பாடம்

எக்ஸ்ரே வந்த புதிதில் ரேடியாலஜி டாக்டர்கள் பலர் காலையில் வேலையைத் தொடங்கும்போது முதலில் செய்தது, தங்கள் கையை எக்ஸ்ரே குழாய்க்கு முன்னால் நீட்டுவதுதான். அந்தக் காலக் குழாய்க்குள் கொஞ்சம் வாயு மிச்சம் இருக்கும். குழாய் ஓட ஓட அது குறைந்துகொண்டே போகும். நேற்று ஒரு மாதிரி கதிர் தந்த குழாய் இன்று வேறு மாதிரி தரும் என்பதால் தினமும் சோதித்தே ஆக வேண்டும். குழாய்க்கும் ஒளிரும் திரைக்கும் நடுவில் கையை வைத்துப் பார்ப்பார்கள். விரல் எலும்புகளின் நிழல் கன்னங்கரேலென்று விழுந்தால் கதிருக்கு ஊடுருவும் சக்தி போதாது. எலும்பும் சதையும் பிரித்தறிய முடியாதபடி வெளிறித் தெரிந்தால் சக்தி அதிகம். இரண்டுக்கும் நடுவில் நிழல் விழுந்தால் நோயாளியைக் கூப்பிடலாம்.

கை அவர்களுடைய அளவுகோலாக இருந்தது. அந்தக் கைகளில்தான் பிறகு புண் வந்தது, நகம் சிதைந்தது, தோல் புற்றுநோய் வந்தது, விரல் விரலாக வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. எடிசனின் ஆய்வகத்தில் எக்ஸ்ரே குழாய்களோடு வேலை செய்த கிளாரன்ஸ் டாலி இரண்டு கைகளையும் இழந்து 1904-ல் இறந்தார். எடிசன் அதற்குப் பிறகு எக்ஸ்ரே பக்கமே போகவில்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஒரு மருத்துவமனை வளாகத்தில், இப்படி இறந்தவர்களுக்காக 1936-ல் ஒரு நினைவுத்தூண் எழுப்பினார்கள். அன்றே அதில் 15 நாடுகளைச் சேர்ந்த 169 பேரின் பெயர்கள் இருந்தன. பின்னால் இன்னும் நிறையச் சேர்த்தார்கள்.

கதிர்ப் பாதுகாப்பைச் சொல்லிக்கொடுக்கும்போது பொதுவாக விதிகளில்தான் தொடங்குவோம்: நேரத்தைக் குறை, தள்ளி நில், ஈய ஏப்ரன் போடு. கூடவே ராண்ட்ஜன், ராட், ரெம், கிரே, சீவர்ட் என்று ஒரு அலகுப் பட்டியல். மாணவர்கள் மனப்பாடம் செய்வார்கள், பரீட்சை முடிந்ததும் மறப்பார்கள். இந்த அலகுகளை அவை பிறந்த வரிசையிலேயே சொல்லிக்கொடுப்பதுதான் சரி என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஒவ்வொன்றும் அதற்கு முந்தைய அளவுகோல் எங்கே கைவிட்டதோ அங்கே பிறந்தது. அந்த இடத்தைக் காட்டிவிட்டால் விதியும் கூடவே புரிந்துவிடும்.

முதலில் ஒரு கேள்வி. கதிர் பட்டால் நமக்கு ஏன் தெரிவதில்லை? சுடு பாத்திரத்தைத் தொட்டால் கை தானாக விலகுகிறது. எக்ஸ்ரே பட்டால் ஏன் விலகுவதில்லை?

ஒரு கணக்குப் போட்டால் தெரியும். உடல் முழுவதும் ஒரே நேரத்தில் 4 கிரே அளவு கதிர் வாங்கிய ஒருவர், சிகிச்சை கிடைக்காவிட்டால் பிழைப்பதற்குப் பாதி வாய்ப்புதான். கிரே என்றால் ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு ஜூல் ஆற்றல். 70 கிலோ ஆளுக்கு 4 கிரே என்றால் மொத்தம் 280 ஜூல். உடல் வெப்பம் இதனால் எவ்வளவு கூடும் தெரியுமா? ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு டீஸ்பூனுக்கும் குறைவான சூடான காபி உள்ளே போனால் உடலுக்குச் சேரும் வெப்பம் அவ்வளவுதான். உயிரைப் பறிக்கும் கதிர் உடம்பைச் சூடேற்றுவதே இல்லை. அந்தச் சிறிய ஆற்றல் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்து, செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழையை வெட்டுகிறது. அதை உணர நமக்கு எந்தப் புலனும் இல்லை. பாதிப்பு வெளியே தெரிய நாட்கள் ஆகலாம், வாரங்கள் ஆகலாம், சில சமயம் பல வருடங்கள் ஆகலாம். தினமும் கையை நீட்டியவர்களுக்கு அன்றைக்கே வலித்திருந்தால் மறுநாள் நீட்டியிருக்க மாட்டார்கள்.

ஆகவே உடம்புக்கு வெளியே ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. ஆனால் மருத்துவர்கள் முதலில் பிடித்துக்கொண்டது உடம்பையேதான். தோல் லேசாகச் சிவக்கும் அளவுக்குக் கதிர் கொடுப்பது ஒரு 'தோல் சிவப்பு டோஸ்'. கதிர் சிகிச்சை செய்தவர்கள் அதை வைத்தே பேசிக்கொண்டார்கள்: பாதி டோஸ் கொடுத்தேன், ஒன்றரை கொடுத்தேன் என்று. இதில் உள்ள குறைகளை மாணவர்களையே சொல்லச் சொல்லலாம், சொல்லிவிடுவார்கள். சிவப்பு உடனே வராது, நன்றாகத் தெரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். அதற்குள் இன்னொரு முறை கதிர் கொடுத்திருப்பார்கள். ஒருவரின் தோல் போல இன்னொருவரின் தோல் இருக்காது. எவ்வளவு சிவந்தால் சிவப்பு என்பது பார்க்கிற டாக்டரின் கண்ணைப் பொறுத்தது. நம்மைப் போன்ற கருத்த தோலில் அந்த லேசான சிவப்பைக் கண்டுபிடிப்பதே சிரமம். ஐரோப்பியத் தோலை மனதில் வைத்து உருவான அளவுகோல் அது.

அடுத்து வந்ததுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த கருவி. வியன்னாவில் குய்டோ ஹோல்ஸ்னெக்ட் என்ற டாக்டர் 1902-ல், கதிர் பட்டால் நிறம் மாறும் வேதிப்பொருளை வைத்து டோஸைக் கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தார். (அவரும் 1931-ல் கதிர்க் காயங்களால்தான் இறந்தார்.) இரண்டு வருடம் கழித்து, 1904-ல், பாரிஸில் சபுரோ, நுவாரே என்ற இரண்டு தோல் டாக்டர்கள் அதை இன்னும் எளிமையாக்கினார்கள். பேரியம் பிளாட்டினோசயனைடு தடவிய ஒரு சின்ன வில்லை. புதிதாக இருக்கும்போது பச்சை. கதிர் பட்டால் மெல்ல மஞ்சளாகிப் பழுப்பு நோக்கிப் போகும். கூடவே ஒரு நிற அட்டை இருக்கும். வில்லையின் நிறம் அட்டையில் உள்ள நிறத்துக்கு வந்ததும் குழாயை நிறுத்திவிட வேண்டும்.

அவர்களுக்கு இது ஏன் தேவைப்பட்டது என்றால், குழந்தைகளுக்குத் தலையில் வரும் படர்தாமரை. அப்போது அதற்கு மாத்திரை கிடையாது. எக்ஸ்ரே கொடுத்துத் தலைமுடியை உதிரச் செய்தால் பூஞ்சையும் சேர்ந்து போய்விடும். டோஸ் குறைந்தால் முடி உதிராது. கூடினால் முடி திரும்ப முளைக்காது, புண்ணும் வரும். நடுவில் உள்ள இடைவெளி ரொம்பக் குறுகல், அதைப் பிடிக்கத்தான் வில்லை.

இப்போது கவனியுங்கள். வில்லையைத் தோலின் மேல் வைக்க மாட்டார்கள். குழாய்க்கும் தோலுக்கும் சரிபாதித் தூரத்தில் வைப்பார்கள். வில்லை நிறம் மாற அதிகக் கதிர் வேண்டும். தோலுக்கு அவ்வளவு கொடுக்க முடியாது. தூரம் பாதியானால் கதிர் நான்கு மடங்கு. ஆகவே பாதித் தூரத்தில் இருக்கும் வில்லை நான்கு பங்கு வாங்கி நிறம் மாறும்போது தோல் ஒரு பங்குதான் வாங்கியிருக்கும். தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகக் கதிர் குறையும் என்று பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் இருக்கும் விதி இதுதான்.

அதே வில்லையை வைத்து ஒரு கணக்கையும் கொடுக்கலாம். தோல் குழாயிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வில்லை 7.5 செ.மீ.யில் இருக்க வேண்டும். கை தவறி அதை 8.5 செ.மீ.யில் வைத்துவிட்டால் என்ன ஆகும்? வில்லைக்குச் சேரும் கதிர் 22 சதவீதம் குறையும். நிறம் மாறத் தாமதமாகும். ஆபரேட்டர் நிறத்துக்காகக் காத்திருப்பார். அதற்குள் குழந்தையின் தலைக்கு வேண்டியதைவிட 28 சதவீதம் கூடுதலாகச் சேர்ந்துவிடும். ஒரே ஒரு சென்டிமீட்டருக்கு! இந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்த்த மாணவர், நோயாளியைப் பிடித்துக்கொள்ளும் உறவினரை ஓர் அடி தள்ளி நிற்கச் சொல்ல மறக்க மாட்டார் என்பது என் நம்பிக்கை.

இதுவரை சொன்னதெல்லாம் நோயாளிக்குப் போகும் கதிரைப் பற்றியது. பக்கத்தில் நிற்பவருக்கு எவ்வளவு போகிறது என்று முதலில் யோசித்தவர்களில் ஒருவர் பாஸ்டன் நகரத்துப் பல் டாக்டர் வில்லியம் ரோலின்ஸ். 1901-ல் அவர் கினிப்பன்றிகளை எக்ஸ்ரேயில் வைத்து அவை சாவதைக் காட்டினார். அதுவரை, தோல் காயத்துக்குக் காரணம் மின்சாரம்தான், கதிர் இல்லை என்று வாதாடியவர்கள் உண்டு. குழாயைச் சுற்றிக் கதிர் புகாத கூடு போட வேண்டும் என்று ரோலின்ஸ் சொன்னார். கூடு போதுமானதா என்று பார்க்க ஒரு வழியும் சொன்னார்: கூட்டுக்கு வெளியே ஒரு போட்டோ தகட்டை 7 நிமிடம் வையுங்கள், தகடு கறுக்காவிட்டால் சரி. இன்றைய கணக்குக்கு அது மிகவும் தளர்வான சோதனைதான். ஆனால் கசிவை அளந்து பார்க்க வேண்டும், அதையும் மனிதக் கை இல்லாத ஒன்றால் அளக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. அவர் பேச்சை அன்று பெரும்பாலும் யாரும் காதில் வாங்கவில்லை.

வில்லைக்கும் குறை இருந்தது. பகல் வெளிச்சம் பட்டால் நிறம் பழையபடி திரும்பும். சூடும் அதைப் பாதிக்கும். பாரிஸில் ஒரு டாக்டர் பார்த்த பழுப்பும் லண்டனில் இன்னொருவர் பார்த்த பழுப்பும் ஒன்றா என்று சொல்ல முடியாது. நிறத்தைப் பார்க்கும் கண்ணை நம்பாமல், எண்ணிச் சொல்லக்கூடிய ஒன்று வேண்டும்.

அந்த ஒன்று காற்றில் கிடைத்தது. எக்ஸ்ரே காற்றின் வழியாகப் போகும்போது காற்று மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிடும். பிரிந்த மின்னூட்டத்தை இரண்டு தகடுகளுக்கு நடுவில் சேகரித்து அளந்துவிடலாம். பிரான்சின் பால் வில்லார் 1908-லேயே இதை அலகாக வைக்கலாம் என்றார். உலகம் ஒத்துக்கொள்ள இருபது வருடம் ஆனது. 1928-ல் ஸ்டாக்ஹோமில் கூடிய சர்வதேச ரேடியாலஜி மாநாடு 'ராண்ட்ஜன்' அலகை ஏற்றது. சாதாரண காற்றழுத்தத்தில், 0 டிகிரியில், ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் குறிப்பிட்ட அளவு மின்னூட்டத்தை உண்டாக்கும் கதிர் ஒரு ராண்ட்ஜன். காற்றை எடுத்துக்கொண்டதில் ஒரு நல்ல காரணமும் இருக்கிறது: எக்ஸ்ரேயை உறிஞ்சும் விதத்தில் காற்றும் நம் தசையும் ஏறக்குறைய ஒரே மாதிரி. காற்று எல்லா ஊரிலும் கிடைக்கும், அதற்குத் தோல் நிறம் கிடையாது.

இன்று உலகம் முழுவதும் வரம்புகளைப் பரிந்துரைக்கும் சர்வதேச கதிர்ப் பாதுகாப்பு ஆணையத்தின் முன்னோடிக் குழுவும் அதே ஸ்டாக்ஹோம் மாநாட்டில்தான் தொடங்கியது. எண்ணாகச் சொல்ல ஓர் அலகு கிடைத்த பிறகுதான் 'இதற்கு மேல் கூடாது' என்று எண்ணாகச் சொல்ல முடிந்தது. அதற்கு முன்னால், 1925-ல், ஆர்தர் முட்செல்லர் என்பவர் அமெரிக்காவில் சில எக்ஸ்ரே கூடங்களைப் பார்த்துக் கணக்குப் போட்டு, ஊழியர் ஒருவருக்கு மாதத்துக்கு ஒரு தோல் சிவப்பு டோஸில் நூறில் ஒரு பங்குவரை போகலாம் என்றார். தோல் சிவப்பு டோஸ் ஏறக்குறைய 600 ராண்ட்ஜன். நூறில் ஒன்று 6. அதை 30 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 0.2 ராண்ட்ஜன். 1934-ல் சர்வதேசக் குழு வெளியிட்ட வரம்பும் இதே 0.2 தான். தோல் சிவப்பிலிருந்து எண்ணுக்கு வந்த பாதை இந்த ஒரு கணக்கில் தெரிகிறது. ஆனால் அந்த எண்ணுக்கு அடியில் இருந்தது தோல் சிவக்கக் கூடாது என்ற ஒரே கவலைதான் என்பதும் தெரிகிறது.

ராண்ட்ஜன் காற்றுக்கான அலகு. நமக்கோ உடம்பு என்ன வாங்கியது என்று தெரிய வேண்டும். தசைக்கும் காற்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் எலும்பில் கால்சியம் இருக்கிறது. எக்ஸ்ரே படம் எடுக்கும் ஆற்றல் மட்டத்தில் ஒரு கிராம் எலும்பு, ஒரு கிராம் தசையைவிடச் சில மடங்கு அதிக ஆற்றலை உறிஞ்சும். (படத்தில் எலும்பு வெள்ளையாக விழுவதற்கும் காரணம் அதுவேதான்.) அப்படியென்றால் ஒரே ராண்ட்ஜன் எண்ணை வைத்து இரண்டுக்கும் கணக்குச் சொல்ல முடியாது. ஆகவே 1953-ல் ராட், பிறகு 1975-ல் கிரே. ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் படிந்தால் ஒரு கிரே. 100 ராட் ஒரு கிரே. காற்றில் என்ன நடந்தது என்ற கேள்வி போய், திசுவில் என்ன படிந்தது என்ற கேள்வி வந்தது.

அப்புறம் சீவர்ட். இதில்தான் பலர் குழம்புகிறார்கள்.

படர்தாமரைக்கு எக்ஸ்ரே கொடுப்பது பல நாடுகளில் 1950-கள் வரைகூட நடந்தது. முடி திரும்ப முளைத்தது, புண் இல்லை, எல்லாம் நல்லபடி முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். பல வருடம் கழித்து அப்படிச் சிகிச்சை பெற்றவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, அவர்களுக்குத் தைராய்டு புற்றுநோயும் மூளைக் கட்டிகளும் மற்றவர்களைவிட அதிகமாக வந்திருந்தன. ரேடியாலஜி டாக்டர்களுக்கு ரத்தப் புற்றுநோய் அதிகம் வருவதை 1940-களில் கவனித்தார்கள். ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர்பிழைத்தவர்களிடமும் அதே செய்தி. அதற்கும் முன்னால் 1927-லேயே ஹெர்மன் முல்லர், எக்ஸ்ரே பழ ஈக்களின் மரபணுவை மாற்றும் என்று காட்டியிருந்தார். தோல் சிவக்க ஒரு குறைந்தபட்ச டோஸ் உண்டு, அதற்குக் கீழே சிவக்காது. புற்றுநோய்க்கு அப்படி ஒரு பாதுகாப்பான கோடு இருப்பதாக நம்ப முடியவில்லை. டோஸ் கூடக் கூட வாய்ப்பு கூடும், குறையக் குறைய வாய்ப்பு குறையும் என்றே பாதுகாப்புக் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம்.

இந்த வாய்ப்பை ஓர் எண்ணில் சொல்லத்தான் சீவர்ட். கிரே கணக்கை எடுத்து, இரண்டு விஷயங்களுக்காகப் பெருக்குவார்கள். ஒன்று, எந்த வகைக் கதிர்: எக்ஸ்ரேக்கும் காமாவுக்கும் பெருக்கெண் 1, ஆல்ஃபா துகளுக்கு 20. இன்னொன்று, எந்த உறுப்பு: நுரையீரல், இரைப்பை, மார்பகம், எலும்பு மஜ்ஜைக்குத் தலா 0.12, தைராய்டுக்கு 0.04, மூளைக்கும் தோலுக்கும் 0.01. எல்லாவற்றையும் கூட்டினால் முழு உடலுக்குச் சமமான ஒரு டோஸ் கிடைக்கும்.

இதைக் கையில் தொட்டுப் பார்க்க சி.டி. ஸ்கேன் அறைக்குப் போகலாம். ஸ்கேன் முடிந்ததும் திரையில் டி.எல்.பி. (டோஸை ஸ்கேன் செய்த நீளத்தால் பெருக்கிய அளவு) என்று ஓர் எண் வரும், மில்லிகிரே-சென்டிமீட்டர் அலகில். தலை ஸ்கேனுக்கு 1000 என்று வந்திருக்கிறது, மார்பு ஸ்கேனுக்கு 400 என்று வைத்துக்கொள்வோம். எது அதிக அபாயம்? எண்ணைப் பார்த்துவிட்டுத் தலை என்றுதான் சட்டென்று சொல்வோம். டி.எல்.பி.யை மில்லிசீவர்ட்டாக மாற்றும் பெருக்கெண் பெரியவர்களின் தலைக்கு 0.0021, ஆகவே 2.1 மில்லிசீவர்ட். மார்புக்கு 0.014, ஆகவே 5.6 மில்லிசீவர்ட். மார்புக்குள் நுரையீரலும் மார்பகமும் இருப்பதால் பாதிக்கும் குறைவான டி.எல்.பி. இருமடங்குக்கு மேல் அபாயமாகிறது. குழந்தைகளுக்கு இந்தப் பெருக்கெண்கள் இன்னும் பெரியவை. இவை சராசரி உடலுக்கான கணக்கு என்பதை மறந்துவிடக் கூடாது. தனி ஒருவருக்குப் புற்றுநோய் வருமா என்று இதிலிருந்து ஜோசியம் சொல்ல முடியாது. தேவையான ஸ்கேனை இந்த எண்ணைப் பார்த்துப் பயந்து தள்ளிப்போடவும் கூடாது. இயற்கையிலிருந்தே உலக சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் நமக்கு வந்துகொண்டிருக்கிறது. மணவாளக்குறிச்சி மாதிரி, கதிர் வீசும் மோனசைட் மணல் உள்ள கடற்கரையில் இன்னும் கூடுதல்.

கதிரோடு வேலை செய்பவர்களுக்கு இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு, ஐந்து வருட சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-க்கு மேல் போகக் கூடாது. 1934-ன் 0.2 ராண்ட்ஜன் கணக்கை ஒரு வருடத்தின் வேலை நாட்களுக்கு நீட்டினால் தோராயமாக 500 மில்லிசீவர்ட் வரும். இருபத்தைந்து மடங்கு இறங்கியிருக்கிறோம். வரம்புக்குள் இருந்தால் போதும் என்றும் விட்டுவிடுவதில்லை. நியாயமாக எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்க வேண்டும் என்பது கூடவே வரும் விதி. பாதுகாப்பான கோடு என்று ஒன்று இல்லாததால் வந்த விதி அது.

இந்த 20 யாருடைய கணக்கில் எவ்வளவு ஏறியது என்பதைச் சொல்வது மார்பில் குத்திக்கொள்ளும் டி.எல்.டி. பேட்ஜ். டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்ஃபேட் வில்லைகள் மூன்று அதற்குள் இருக்கும். கதிரிலிருந்து வாங்கிய ஆற்றலைப் பிடித்து வைத்துக்கொண்டு, பரிசோதனைக் கூடத்தில் சூடாக்கும்போது ஒளியாக வெளியே விடும். அந்த ஒளியை அளந்தால் டோஸ். ஒரு வில்லைக்கு மேல் உலோகத் தகடு, இன்னொன்றுக்குப் பிளாஸ்டிக், மூன்றாவது திறந்தபடி. மூன்றும் எவ்வளவு வித்தியாசமாக ஒளிர்கின்றன என்பதை வைத்து எந்த வகைக் கதிர் என்றும் ஊகிக்கலாம். பேட்ஜைக் கழற்றி எக்ஸ்ரே அறையில் தொங்கும் ஏப்ரனிலேயே விட்டுவிட்டுப் போகும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அப்போது அது அறையின் டோஸைத்தான் பதிவு செய்யும், ஆளுடையதை இல்லை.

பேட்ஜை ஏப்ரனுக்கு உள்ளே, மார்பில் அணிகிறோம். கண்ணுக்கு என்ன சேர்ந்தது என்று அதற்குத் தெரியாது. ஆஞ்சியோ செய்யும் கேத் லேபில் மணிக்கணக்கில் நிற்கும் டாக்டருக்கும் டெக்னீஷியனுக்கும் நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிர் முகத்துக்கு நேராக வரும். கண் லென்ஸுக்கு வருடத்துக்கு 150 மில்லிசீவர்ட் வரை பரவாயில்லை என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். அதைவிடக் குறைந்த டோஸிலேயே கண்புரை வருவது தெரிந்த பிறகு, 2011-ல் சர்வதேச ஆணையம் அதை 20-க்கு இறக்கச் சொன்னது. கேத் லேபில் வேலை செய்பவர்கள் காலர் அருகே, ஏப்ரனுக்கு வெளியே இரண்டாவதாக ஓர் அளவியைக் கேட்டு வாங்கி அணிய வேண்டும். ஈயக் கண்ணாடியும், கூரையிலிருந்து தொங்கும் ஈயத் தடுப்பும் இருந்தால், எக்ஸ்ரேயை ஓடவிடும் ஸ்கிரீனிங் பெடலை மிதிப்பதற்கு முன்னால் அவற்றை முகத்துக்கும் நோயாளிக்கும் நடுவில் இழுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.